ஆர்டிஐயா, மனுவா, வழக்கா, சட்டமன்றமா? தேர்தல், நீதிமன்றச் சீர்திருத்தக் குழுக்கள் எந்த வழியில் போவது

தேர்தலையும் நீதிமன்றத்தையும் சரிசெய்ய வேண்டும் என்று மாநில அளவில் ஒரு குழு கூடினால், இரண்டாவது மூன்றாவது கூட்டத்திலேயே ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும். வழக்கறிஞர் நண்பர் பொதுநல வழக்கு போட்டுவிடலாம் என்பார். ஓய்வுபெற்ற அரசு ஊழியர் முதலில் ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட விண்ணப்பம், போடுவோம் என்பார். ஒருவர் தேர்தல் ஆணையத்துக்கு மனு கொடுக்கச் சொல்வார். அரசியல் வட்டாரத்தில் பழகிய இன்னொருவர், சட்டத்தையே மாற்றாமல் எதுவும் நடக்காது, எம்எல்ஏக்களையும் எம்பிக்களையும் பார்ப்போம் என்பார். நால்வர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் முடிவெடுக்க முடியாமல் மாதக்கணக்கில் நிற்கும் குழுக்கள் தமிழ்நாட்டில் நிறைய. இந்தக் கட்டுரை அவர்களுக்காக.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் கோரிக்கையைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கோரிக்கையை நிறைவேற்றும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாலே பாதி விவாதம் அடங்கிவிடும். வழக்கு பெரிய ஆயுதம்தான். ஆனால் புதிய குழு அதை முதல் வேலையாக எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

அதிகாரம் யாரிடம்? மக்களவை, சட்டமன்றத் தேர்தல்கள் 1950, 1951 ஆகிய ஆண்டுகளின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்களின்படி நடக்கின்றன. அவற்றை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. நடத்துவது அரசமைப்புச் சட்டத்தின் 324ஆம் உறுப்பின்படி இந்தியத் தேர்தல் ஆணையம். உள்ளாட்சித் தேர்தல் அப்படியல்ல. சட்டம் மாநிலத்துடையது, நடத்துவது 243கே உறுப்பின்படி மாநிலத் தேர்தல் ஆணையம். இரண்டு ஆணையங்களையும் குழப்பிக்கொண்டு தவறான முகவரிக்கு மனு அனுப்புவது இன்றும் நடக்கிறது.

நீதிமன்றத்திலும் இதே பிரிவு உண்டு. உயர்நீதிமன்ற நீதிபதிகளின் நியமனம் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்துக்கும் ஒன்றிய அரசுக்கும் இடையிலான விஷயம். கீழமை நீதிமன்றங்களின் மேற்பார்வை 235ஆம் உறுப்பின்படி உயர்நீதிமன்றத்திடம். கட்டடத்துக்கும் ஊழியர் பணியிடங்களுக்கும் பணம் தருவது மாநில அரசு. உயர்நீதிமன்றத்தில் தமிழ் வேண்டுமென்றால் 348(2) உறுப்பின்படி குடியரசுத் தலைவரின் இசைவு தேவை. தமிழ்நாடு சட்டமன்றம் 2006 இல் இதற்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர்நீதிமன்றங்களில் இந்திக்குக் கிடைத்த இடம் சென்னையில் தமிழுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆக, "நீதிமன்றச் சீர்திருத்தம்" என்று பொதுவாகச் சொன்னால் யார் கதவைத் தட்டுவது என்றே தெரியாது. "மாவட்ட நீதிமன்றத்தில் காலியாக இருக்கும் தட்டச்சர் பணியிடங்களை நிரப்புங்கள்" என்றால் தெரியும்.

காலம். தேர்தல் வேலைக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது, அது யாருக்காகவும் நிற்காது. தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு நீதிமன்றம் குறுக்கிடுவதை 329(பி) உறுப்பு தடுக்கிறது. இதை உறுதிப்படுத்திய 1952ஆம் ஆண்டுத் தீர்ப்பு நம் நாமக்கல்லில் இருந்து போன வழக்கு. வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி தொடுத்தது. எழுபது ஆண்டுகள் கடந்தும் நாடு முழுக்க அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

செலவு. கைக்காசு எல்லோரும் கணக்குப் போடுவார்கள். ஆட்களின் நேரம், பெயர் கொடுத்தவருக்கு வரும் நெருக்கடி, மொழிபெயர்ப்பு, பயணம் இவற்றை யாரும் எழுதி வைப்பதில்லை.

தோற்றால் என்ன மிஞ்சும்? சில வழிகளில் தோற்றாலும் ஆவணம் கையில் இருக்கும். சில வழிகளில் தோற்றால் அடுத்து வருபவர்களின் பாதையும் அடைபடும்.

வென்றால் நிற்குமா? என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமான அளவுகோல் இது. அதிகம் கவனிக்கப்படாததும் இதுதான்.

| | ஆர்டிஐ | மனு | பொதுநல வழக்கு | சட்டமியற்றுவோர் |
|---|---|---|---|---|
| யாரிடம் | பொதுத் தகவல் அலுவலர் | தேர்தல் ஆணையங்கள், உயர்நீதிமன்ற நிர்வாகம் | உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் | சட்டமன்றம், நாடாளுமன்றம் |
| காலம் | 30 நாள். மேல்முறையீடு என்றால் மிக நீளும் | சில நாள் முதல் பதிலே இல்லாதது வரை | சில வாரம் முதல் பத்தாண்டு வரை | ஆண்டுகள் |
| கைக்காசு | மிகக் குறைவு | ஏறக்குறைய இல்லை | அதிகம் | பயணமும் ஆள் நேரமும் |
| மறைசெலவு | மேல்முறையீட்டு உழைப்பு, விண்ணப்பதாரரின் பாதுகாப்பு | அதிகாரி மாறினால் மீண்டும் முதலிலிருந்து | மொழி, வழக்குச் செலவுத் தொகை, தீர்ப்புக்குப் பிந்தைய வேலை | கட்சிச் சாயம், நீர்த்துப்போகும் கோரிக்கை |
| தோற்றால் | ஆவணம் மிஞ்சும் | ஒப்புகை மிஞ்சும் | பாதகமான தீர்ப்பு மிஞ்சும் | உறவுகள் மிஞ்சும் |

## ஆர்டிஐ: எல்லோருக்கும் கைக்கெட்டும் வழி

2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் பெரிய பலம், தமிழிலேயே விண்ணப்பிக்கலாம் என்பது. தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கு 10 ரூபாய்க் கட்டணம், பக்கத்துக்கு 2 ரூபாய் நகல் செலவு. பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அப்புறம் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் பல குழுக்கள் தோற்கின்றன. "பணப் பட்டுவாடா வழக்குகளில் ஏன் தண்டனை கிடைப்பதில்லை?" என்று கேட்டால், இது கருத்துக் கேட்பது, தகவல் இல்லை என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். கடந்த மூன்று பொதுத்தேர்தல்களில் உங்கள் காவல் நிலையத்தில் பறக்கும் படையின் புகாரின் பேரில் பதிவான முதல் தகவல் அறிக்கைகளின் எண், குற்றப்பத்திரிகை தாக்கலான தேதி, வழக்கின் இன்றைய நிலை என்று கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் 2016 இலும், ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் 2017 ஏப்ரலிலும், வேலூர் மக்களவைத் தேர்தல் 2019 ஏப்ரலிலும் பணப் புழக்கத்தைக் காரணம் காட்டி ரத்து செய்யப்பட்டன. தேர்தல் ரத்தான செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதன் பிறகு அந்த வழக்குகள் எங்கே போயின என்பதைக் காவல் நிலையம் காவல் நிலையமாகத் தொகுப்பது ஒரு மாநிலக் குழு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று என்று உறுதியாக நம்புகிறேன். மாவட்டத்துக்கு ஒருவர் இருந்தால் போதும்.

மறைசெலவுகளைப் பார்ப்போம். சட்டம் தகவல் பெறும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. அமைப்பின் பெயரில் போட்டால் அதையே காரணமாக்கித் திருப்ப வாய்ப்புண்டு. ஆகவே ஒரு தனிநபர் பெயரும் முகவரியும் கொடுத்தாக வேண்டும். உள்ளூர் ஆட்களைப் பற்றிய விவரம் கேட்கும்போது அந்த நபர் உள்ளூர்க்காரராக இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு விசாரணைக்கு வர நெடுநாள் ஆகும் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றம் சம்பந்தப்பட்ட தகவலில் ஒரு வளைவு இருக்கிறது. இந்தியத் தலைமை நீதிபதியின் அலுவலகமும் இச்சட்டத்துக்கு உட்பட்டதே என்று 2019 நவம்பரில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனால் வழக்கு ஆவணங்களின் நகல் வேண்டுமென்றால் அந்தந்த உயர்நீதிமன்றத்தின் விதிகளின்படிதான் பெற வேண்டும், ஆர்டிஐ வழியாக அல்ல என்று 2020 மார்ச்சில் குஜராத் உயர்நீதிமன்றம் தொடர்பான வழக்கில் தீர்ப்பானது. நிலுவை வழக்குகளின் எண்ணிக்கை, அவற்றின் வயது போன்றவற்றுக்கு விண்ணப்பமே தேவையில்லை. தேசிய நீதித்துறைத் தரவுத் தொகுப்பில் மாவட்ட வாரியாகக் கிடைக்கிறது. வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களும், 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகள் குறித்துக் கட்சிகள் தரும் அறிக்கைகளும் தேர்தல் ஆணையத்தின் தளத்திலேயே இருக்கின்றன.

கட்சிகளிடமே கேட்கலாமா? ஆறு தேசியக் கட்சிகள் இச்சட்டத்தின் கீழ் வரும் பொது அதிகார அமைப்புகள் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013 ஜூன் 3 அன்று உத்தரவிட்டது. கட்சிகள் அதற்குக் கட்டுப்படவில்லை. இந்தக் கதவைத் தட்டி ஆற்றலை வீணாக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றித் தனிநபர் தகவலுக்கான விலக்கை அகலமாக்கியிருப்பதையும் கவனத்தில் வையுங்கள். பெயர் கேட்பதைவிட எண்ணிக்கையும் தேதியும் கேட்பது இனி பாதுகாப்பு.

## மனு: பலரும் குறைத்து மதிப்பிடும் வழி

சட்டம் பேசாமல் விட்ட இடங்களில் தேர்தல் ஆணையம் தானே முடிவெடுக்கலாம் என்பது 324ஆம் உறுப்பு பற்றிய தீர்ப்புகளின் சாரம். சட்டம் தெளிவாக ஒன்றைச் சொல்லியிருந்தால் ஆணையம் அதை மீற முடியாது. ஆகவே, வாக்குச்சாவடியில் சாய்தளம், வாக்காளர் பட்டியலின் பிழைகள், வாக்கு எண்ணும் இடத்தின் ஏற்பாடுகள், வீட்டிலிருந்தே வாக்களிப்போருக்கான நடைமுறை போன்றவற்றுக்கு மனுவே சரியான வழி. தேர்தல் செலவு வரம்பை மாற்று என்று மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுப்பதில் பயனில்லை. அது 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் இருக்கிறது, மாற்ற வேண்டியது ஒன்றிய அரசு.

வாக்காளர் பட்டியல்தான் மனுவின் முதன்மைக் களம். தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தம், பட்டியல் வேலை எவ்வளவு முக்கியம் என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் உணர்த்தியது. வீடு மாறியவர், வாடகைக்குடியிருப்போர், வெளியூரில் கூலி வேலை செய்வோர் பெயர்தான் முதலில் விடுபடும். இங்கே ஒரு குழுவால் செய்ய முடிவது, பாகம் பாகமாகப் பட்டியலை எடுத்து வாக்குச்சாவடி நிலை அலுவலரோடு உட்கார்ந்து சரிபார்த்து, படிவம் 6 (பெயர் சேர்க்க), 7 (பெயர் நீக்க), 8 (திருத்த) ஆகியவற்றைச் சம்பந்தப்பட்டவரையே நிரப்பிக் கொடுக்க வைப்பது. அலுப்பான வேலைதான். ஆனால் ஒருவருக்கு வாக்குரிமையைத் திருப்பித் தருவதைவிடப் பெரிய தேர்தல் சீர்திருத்தம் எனக்குத் தெரியவில்லை. படிவத்தில் பொய்யான உறுதிமொழி தருவது 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆர்வத்தில் கேள்விப்பட்டதை வைத்து மொத்தமாகப் படிவம் 7 கொடுக்கும் தொண்டர்களுக்கு இதை முன்பே சொல்லி வைப்பது குழுவின் கடமை.

நீதிமன்ற விஷயத்தில் மனு போக வேண்டிய இடம் உயர்நீதிமன்றத்தின் தலைமைப் பதிவாளர். நீதிமன்ற வளாகக் கழிப்பறை, சாட்சிகள் உட்கார இடம், வழக்குப் பட்டியலைத் தமிழிலும் வெளியிடுவது, நேரலை இவையெல்லாம் நிர்வாக முடிவுகள். முக்கியமான வழக்குகளை நேரலையாகக் காட்டலாம் என்று 2018 செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம் ஏற்றது. ஆனால் அங்கே அரசமைப்பு அமர்வின் விசாரணை நேரலையில் வரத் தொடங்கியது 2022 செப்டம்பரில்தான். நான்கு ஆண்டு இடைவெளி. தீர்ப்பு வந்த பிறகும் நிர்வாகம்தான் நகர வேண்டியிருக்கிறது.

மறைசெலவு என்று பார்த்தால், ஒரே மனுவைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். அதிகாரி மாற்றலாகிப் போனால் புதியவருக்கு முதலிலிருந்து விளக்க வேண்டும். "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில் குழுவின் உற்சாகத்தைக் கரைக்கும். ஆனாலும் ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக் கோப்பில் வைத்துவிடுங்கள். பின்னால் செயலுறுத்தும் நீதிப்பேராணை (அதிகாரி தன் கடமையைச் செய்ய வேண்டும் என்ற உத்தரவு) கேட்டு உயர்நீதிமன்றம் போனால், முதல் கேள்வியே "அதிகாரியிடம் கேட்டீர்களா, அவர் என்ன சொன்னார்?" என்பதுதான்.

## பொதுநல வழக்கு: பெரிய வெற்றியும் நீண்ட நிழலும்

இந்தியத் தேர்தல் சீர்திருத்த வரலாற்றின் முக்கிய அத்தியாயங்கள் நீதிமன்றத்தில் எழுதப்பட்டவை என்பதை மறுக்கவே முடியாது. வேட்பாளரின் குற்றப் பின்னணியும் சொத்தும் கல்வியும் இன்று நமக்குத் தெரிகிறது என்றால், 1999 இல் சில பேராசிரியர்கள் சேர்ந்து தொடங்கிய ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் டெல்லி உயர்நீதிமன்றத்தில் போட்ட வழக்கே காரணம். உச்சநீதிமன்றம் 2002 மே 2 அன்று அதை உறுதிசெய்தது. நோட்டா 2013 செப்டம்பர் 27 அன்று வந்தது. பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகளால் ஒருமனதாக ரத்தானது.

இவற்றின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2002 தீர்ப்பு வந்த சில மாதங்களிலேயே நாடாளுமன்றம் 33பி என்ற பிரிவைச் சேர்த்து அதைச் செயலிழக்கச் செய்யப் பார்த்தது. மீண்டும் வழக்கு, 2003 மார்ச் 13 அன்று அந்தப் பிரிவு ரத்து. முதல் வெற்றியோடு வீட்டுக்குப் போயிருந்தால் இன்று பிரமாணப் பத்திரம் இந்த வடிவில் இருந்திருக்காது. நோட்டா வழக்கு தொடுக்கப்பட்டது 2004 இல், தீர்ப்புக்கு ஒன்பது ஆண்டு. பத்திர வழக்கு 2017 இல் தொடங்கியது. இடையில் தடை கிடைக்காததால் நிலுவைக் காலம் முழுக்கப் பத்திரங்கள் விற்றுக்கொண்டே இருந்தன. தீர்ப்பு வந்தபிறகும் பாரத ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மார்ச் 11 அன்று மறுத்த பிறகே விவரம் வெளியே வந்தது. அந்த நாட்களில் விழிப்பாக இருந்து அவமதிப்பு மனுவோடு நிற்க ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தேர்தல் ஆணையர் நியமனத்தில் கதை வேறு மாதிரி முடிந்தது. பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், இந்தியத் தலைமை நீதிபதி மூவரும் அடங்கிய குழு பரிந்துரைக்க வேண்டும், நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை இதுவே நடைமுறை என்று 2023 மார்ச்சில் தீர்ப்பு. அதே ஆண்டு டிசம்பரில் சட்டம் வந்தது, தலைமை நீதிபதியின் இடத்தில் ஒன்றிய அமைச்சர் வந்தார்.

தமிழ்நாட்டு அனுபவங்கள் இன்னும் நெருக்கமானவை. இலவசப் பொருள் வாக்குறுதியை எதிர்த்து இங்கிருந்து போன சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், தேர்தல் அறிக்கையின் வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பானது. ஆணையம் வழிகாட்டு நெறி வகுக்க வேண்டும் என்ற உத்தரவு ஒரு பகுதி வெற்றி. ஆனால் அடுத்து அதே வாதத்தோடு வரும் எவரும் அந்தத் தீர்ப்பைத் தாண்டித்தான் வர வேண்டும். அட்டவணையில் "பாதகமான தீர்ப்பு மிஞ்சும்" என்று எழுதியது இதைத்தான்.

உள்ளாட்சித் தேர்தல் இன்னொன்று. இட ஒதுக்கீட்டுக் குறைபாட்டுக்காக 2016 அக்டோபரில் உயர்நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தது. குறைபாடு உண்மையானது. ஆனால் நீதிமன்றம் கெடு வைத்தும் தேர்தல் நடக்கவில்லை. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்தது, எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில். நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்று. அதுவரை தனி அலுவலர்கள் ஆட்சி. ஒரு தேர்தலை நிறுத்தச் சொல்லி வழக்குப் போடுவதற்கு முன் எந்தக் குழுவும் இந்த ஆண்டுகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேர்தல் முடிவையே எதிர்ப்பதென்றால் அது பொதுநல வழக்கு அல்ல, தேர்தல் மனு. முடிவு அறிவித்த 45 நாளுக்குள் வேட்பாளரோ அத்தொகுதி வாக்காளரோ உயர்நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ராதாபுரத்தில் 2016 இல் 49 வாக்கு வித்தியாசத்தில் அறிவிக்கப்பட்ட முடிவை எதிர்த்த மனுவில், மறு எண்ணிக்கை நடந்தது 2019 அக்டோபரில். அதன் முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்துபோனது. தேர்தல் சீர்திருத்தமும் நீதிமன்றச் சீர்திருத்தமும் ஒரே குழுவின் வேலையாக இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு வழக்கே போதும்.

இனி பணம். வழக்கறிஞர் கட்டணம் வாங்காமல் வாதாடினாலும், தமிழ் ஆவணங்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பது, தட்டச்சு, நகல்கள், சென்னைக்கோ மதுரைக்கோ அலைவது எல்லாம் உங்கள் கணக்கில்தான். டெல்லிக்குப் போனால் பல மடங்கு. மனுதாரருக்குத் தனி ஆதாயம் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். வீண் வழக்கென்று நீதிமன்றம் கருதினால் வழக்குச் செலவுத் தொகை விதிக்கும். பொதுநல வழக்குகளை வடிகட்ட விதிகள் வகுக்குமாறு 2010 இல் உச்சநீதிமன்றமே எல்லா உயர்நீதிமன்றங்களுக்கும் சொன்னது. அதன்பின் அரைகுறைத் தயாரிப்போடு போவது ஆபத்து.

மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான். உரிமை இன்றைக்கே பறிபோகிறது, இழந்தால் மீட்க முடியாது, எதிர்த்தரப்பின் ஆவணமே சான்றாக இருக்கிறது என்றால் உடனே நீதிமன்றம் போங்கள். பீகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது வரைவு வாக்காளர் பட்டியலில் விடுபட்ட சுமார் 65 லட்சம் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 14 அன்று இடைக்கால உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்து சுமார் ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. கேட்டது குறிப்பானது, கொடுப்பது எளிது, மறுக்கக் காரணம் இல்லை.

## சட்டமியற்றுவோர்: உள்ளாட்சிக்கு நல்லது, மற்றதற்குப் பொறுமை

மாநிலக் குழுவுக்குச் சட்டமன்றம் உண்மையில் கைகொடுக்கும் இடம் உள்ளாட்சி. பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு 2016 இல் இங்கே சட்டமானது. உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க வழிசெய்யும் மசோதாக்கள் 2025 ஏப்ரலில் நிறைவேறின. மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதும் மாநிலச் சட்டம்தான். 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் அதை மறைமுகத் தேர்தலாக்கிவிட்டது. ஒரு கையெழுத்தில் வருவது இன்னொரு கையெழுத்தில் போகும்.

நாடாளுமன்றத்தைப் பொறுத்தவரை, தனிநபர் மசோதா (அமைச்சர் அல்லாத உறுப்பினர் தரும் மசோதா) கொண்டுவர ஓர் எம்பியைச் சம்மதிக்க வைத்தால் செய்தி வரும், விவாதம் கிளம்பும். சட்டமாகும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். கடைசியாக ஒரு தனிநபர் மசோதா சட்டமானது 1970 இல். அதைவிட, சட்டம் நீதித்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போது நல்ல குறிப்பு ஒன்றை அனுப்புவது பயன் தரும். சட்ட ஆணையத்தின் 255ஆவது அறிக்கை (2015) தேர்தல் சீர்திருத்தம் முழுவதையும் அலசியிருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு பரிந்துரையை எடுத்து, தமிழ்நாட்டு ஆவணங்களால் வலுப்படுத்தி அனுப்புங்கள். வேட்பாளருக்குச் செலவு வரம்பு இருக்கிறது, கட்சிக்கு இல்லை என்ற ஓட்டை ஒன்றே ஒரு குழுவின் பத்தாண்டு வேலைக்குப் போதும்.

இந்த வழியின் பெரிய மறைசெலவு கட்சிச் சாயம். ஆளுங்கட்சி எம்எல்ஏவோடு எடுத்த ஒரு படம், எதிர்க்கட்சிக் கதவை ஐந்தாண்டு மூடிவிடும். எல்லாக் கட்சிகளையும் ஒரே வாரத்தில், ஒரே கோரிக்கைத் தாளோடு சந்திப்பது ஓரளவு காப்பாற்றும். சட்டம் வந்தாலும் நிற்கும் என்று உறுதியில்லை. நீதிபதிகள் நியமன ஆணையத்தைக் கொண்டுவந்த 99ஆவது அரசமைப்புத் திருத்தம் பெரும் ஆதரவோடு நிறைவேறி, மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் பெற்றது. 2015 அக்டோபர் 16 அன்று உச்சநீதிமன்றம் 4க்கு 1 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது.

## எப்போது எது?

குழு புதிது, ஆட்கள் பத்துப் பேர், பணம் இல்லை என்றால் ஆர்டிஐயும் மனுவும். ஓராண்டு கழித்து உங்களிடம் மாவட்ட வாரியான ஆவணத் தொகுப்பு இருக்கும், அதுவே உங்களுக்கு மதிப்பைத் தரும்.

கோரிக்கை உள்ளாட்சி சார்ந்தது என்றால் சட்டமன்றமும் மாநிலத் தேர்தல் ஆணையமும். தேர்தலே தள்ளிப் போகிறது என்றால் மட்டும் உயர்நீதிமன்றம், அதுவும் "நிறுத்து" என்றல்ல, "நடத்து" என்று கேட்டு.

ஒரு சட்டப்பிரிவே அரசமைப்புக்கு முரண் என்று நினைத்தால் வழக்கைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் தனியாகப் போகாதீர்கள். ஏற்கெனவே நடக்கும் தேசிய அளவிலான வழக்கில், எங்களையும் கேளுங்கள் என்னும் இடையீட்டு மனுவோடு சேர்ந்து, தமிழ்நாட்டுச் சான்றுகளை வையுங்கள். செலவும் குறையும், ஒரே விஷயத்தில் முரண்பட்ட இரண்டு தீர்ப்பு வரும் அபாயமும் குறையும்.

நீதிமன்ற நிர்வாகம் பற்றிய கோரிக்கைக்கு வழக்கைவிட மனு நல்லது என்பது என் உறுதியான கருத்து. தீர்ப்பளிப்பவரையே எதிர்மனுதாரராக நிறுத்துவதில் இயல்பாகவே ஒரு சங்கடம் இருக்கிறது. விமர்சனம் எழுதும்போது, நடைமுறையையும் தரவையும் பற்றி எழுதுங்கள், நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பிக்காதீர்கள். முடிந்த வழக்கின் மீதான நியாயமான விமர்சனம் அவமதிப்பு ஆகாது என்று 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது.

பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏழு பேர் இருந்தால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975 இன் கீழ் சங்கமாகலாம். அறக்கட்டளை தொடங்க எளிது, ஆனால் முடிவு அறங்காவலர் சிலரிடம் சுருங்கிவிடும். எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்கும் குழுவுக்குச் சங்கமே பொருத்தம் என்பேன். வெளிநாட்டு நன்கொடையைத் தவிர்ப்பது நல்லது. அரசியல் தன்மை கொண்ட அமைப்பு என்று அறிவிக்கப்பட்டால் அந்தப் பணத்துக்குத் தடை. கட்சி அரசியலில் இல்லாத அமைப்புகளுக்கு இது பொருந்தாது என்று 2020 இல் உச்சநீதிமன்றம் விளக்கியிருந்தாலும், அதை நிரூபிக்கவே உங்கள் ஆண்டுகள் கழிந்துவிடும். தேர்தல் நேரத் துண்டறிக்கையில் அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவர் பெயரும் இல்லாவிட்டால் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும்.

எந்த வழியை எடுத்தாலும் வாக்குப்பதிவு நாளையொட்டிய ஆவணங்களுக்கு ஆயுள் குறைவு. தேர்தல் மனு ஏதும் இல்லையென்றால் காணொளிப் பதிவுகளை முடிவு வந்த 45 நாளுக்குப் பின் அழித்துவிடலாம் என்று ஆணையம் 2025 மே மாதம் அறிவுறுத்தியது. அவற்றைப் பொதுமக்கள் பார்வையிடும் வாய்ப்பை 2024 டிசம்பரில் தேர்தல் நடத்தை விதிகளின் 93ஆவது விதியில் செய்த திருத்தம் ஏற்கெனவே சுருக்கிவிட்டது. பதிவான வாக்குகளின் கணக்கான படிவம் 17சி மட்டும் ஒவ்வொரு சாவடியிலும் வேட்பாளரின் முகவருக்கு நகலாகத் தரப்படுகிறது. எல்லாக் கட்சி முகவர்களிடமும் அன்றிரவே அதைப் படமெடுத்து வாங்கித் தொகுக்க, தொகுதிக்கு நான்கு பேரை வாக்குப்பதிவுக்கு ஒரு மாதம் முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள்.